கழற்றி மாட்டும் பல் செட்: விலை கேட்கிறோம், அது எதன் மேல் உட்காருகிறது என்று கேட்கிறோமா?

ஜெலுத்தோங் கவி | பினாங்கு

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன்.

வயது 66. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீண்ட காலமாகச் சர்க்கரை உண்டு. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் பின்பற்கள் போய்விட்டன. முன்னால் எட்டுப் பற்கள்தான் மிச்சம். மேலே பெரும்பாலும் சொந்தப் பல்.

சில வருடங்களுக்கு முன் தீவில் ஒரு தனியார் கிளினிக்கில் கீழே பிளேட் (கழற்றி மாட்டும் பல் செட்) போட்டார். ரோஸ் நிறப் பிளாஸ்டிக், பக்கத்துக்கு ஒரு கம்பிக் கொக்கி. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலையாகக் கழற்றி, டிஷ்யூவில் சுருட்டி, சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். கேட்டால், மென்றால் அடியில் குத்துகிறதாம். எள் ஒன்று உள்ளே போனாலும் உயிர் போகிறது என்கிறார். முறுக்கு, கொய்யா எல்லாம் மறந்தாயிற்று. ரசம் சோறும் ரொட்டியும்தான் ஓடுகிறது. அதுவே சர்க்கரையை ஏற்றுகிறது.

எனக்குப் பயமாக இருப்பது வேறு. கொக்கி பிடித்திருக்கும் இரண்டு பல்லும் லேசாக ஆடுகின்றன. முன்பற்களின் உள்பக்கம் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. கிளினிக்கில் கேட்டதற்கு, "வயசாச்சு, ஈறு சுருங்கத்தான் செய்யும், புதுசு போட்டுக்கலாம்" என்றார்கள். மூன்று விலை சொன்னார்கள்: அதே பிளாஸ்டிக், வளையும் பிளேட், மெட்டல். மெட்டல்தான் எல்லாவற்றையும்விட அதிகம். எது நல்லது?

செந்தூல் வாசி | கோலாலம்பூர்

கவி, யோசிக்கவே வேண்டாம், வளையும் பிளேட்டுக்குப் போங்கள். என் அம்மா மேல்பக்கம் இரண்டு பல்லுக்குப் போட்டிருக்கிறார். கம்பியே தெரியாது, கொக்கியும் ஈறு நிறத்திலேயே இருக்கும். ரொம்ப லேசு. கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரை குமரன் | பினாங்கு

இவ்வளவு செலவு எதற்கு? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருத்தர் வீட்டுக்கே வந்து செய்து தருகிறார். ஃபேஸ்புக்கில் பார்த்துக் கூப்பிட்டோம். மதியம் அச்சு எடுத்தார், மறுநாள் பல் ரெடி. சித்தப்பாவுக்கு நான்கு பல், 250 வெள்ளிதான் (ரிங்கிட்) ஆனது. வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், நம்பர் தருகிறேன்.

பல் பட்டறை | பட்டர்வொர்த்

குமரன் தம்பி, அந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. பல் செட் செய்யும் தொழிலிலேயே என் வயதில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. பினாங்கில் இருக்கும் அரசுப் பல் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். 1949-இல் பள்ளிப் பல் தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த இடம் அது. அங்கே முறையாகப் படித்து வந்த எனக்கே நோயாளியின் வாயில் கை வைக்கும் அதிகாரம் கிடையாது. என் வேலை மேசையோடு முடிகிறது. வீட்டுக்கு வந்து அச்சு எடுக்கிறவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்தினால், 1998-ஆம் வருடத் தனியார் சுகாதாரச் சட்டத்தின்படி ஒருவருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பல் மருத்துவத்துக்கென்று இருக்கும் 2018 சட்டம் 1971-இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் பதிவு பெற்றவரா என்று மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தை விடுங்கள், வாயைப் பாருங்கள். மறுநாளே பல் ரெடி என்றால் எப்படிச் செய்திருப்பார்? பெரும்பாலும் தானே இறுகும் அக்ரிலிக்கில்தான், அதாவது பல் செட்டுக்கான பிளாஸ்டிக்கில். பொடியும் திரவமும் கலந்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். ஆனால் திரவத்தில் கொஞ்சம் சேராமல் உள்ளேயே தங்கும். அது கசிந்து ஈற்றை எரிக்கும். முறையாகச் செய்கிறவர்கள் அச்சுப் பெட்டியைத் தண்ணீரில் வைத்து, 70 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிட்டு, அதற்குப் பிறகுதான் கொதிக்க விடுவோம். அவசரப்பட்டு எடுத்ததும் கொதிக்க விட்டால், அந்தத் திரவம் 100 டிகிரி வாக்கில் ஆவியாகும் பொருள் என்பதால், பிளேட்டின் தடித்த இடத்துக்குள் குமிழி விழும். வெளியே பளபளவென்று இருக்கும். பிறகு அந்த இடத்தில்தான் உடையும். வேறு சில போலிகள் கழற்றவே முடியாதபடி அக்ரிலிக்கை நேராகப் பல்லோடும் ஈற்றோடும் ஒட்டிவிடுகிறார்கள். அடியில் சோறு அழுகி, பக்கத்துப் பல்லையும் கொண்டு போய்விடும். தம்பி, சித்தப்பாவை ஒரு கிளினிக்கில் காட்டிவிடுங்கள். அவருக்கு இப்போது வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

கவி தங்கச்சிக்கு இனிமேல்தான் பதில்.

நீங்கள் கேட்டது எந்தப் பொருள் நல்லது என்று. நான் கேட்பது, அப்பாவின் பிளேட்டில் கொக்கியைத் தவிர, பல்லின் மேல் ஏறி உட்காரும் சின்ன உலோகத் துண்டு ஏதாவது இருக்கிறதா? விரல் நகத்தில் கால்வாசி அளவு இருக்கும். கொக்கிக்குப் பக்கத்தில், பல்லின் மேல்பரப்பில் ஒரு சின்னக் குழியில் போய் அமரும். எங்கள் பேச்சில் அதற்கு ரெஸ்ட் என்று பெயர். பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ஜெலுத்தோங் கவி | பினாங்கு

அண்ணே, பார்த்துவிட்டேன். அப்படி ஒன்றுமே இல்லை. இரண்டு கம்பிக் கொக்கி பல்லைச் சுற்றிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பிளேட்டின் உள்விளிம்பு முன்பற்களின் அடியில், ஈற்றின் மேலேயே படிந்திருக்கிறது. போட்டோ இணைத்திருக்கிறேன்.

பல் பட்டறை | பட்டர்வொர்த்

நான் நினைத்ததுதான்.

ரெஸ்ட் இல்லாத பிளேட்டுக்குத் தாங்க ஆள் இல்லை. முழுப் பாரமும் ஈற்றின் மேல் இறங்கும். ஈறு அதற்காகப் படைக்கப்பட்டதில்லை. அமுக்க அமுக்க அடியில் இருக்கும் எலும்பு கரையும், பிளேட் கீழே போகும். போகும்போது முன்பல்லின் உள்பக்க ஈற்றையும் உரசி இறக்கிக்கொண்டே போகும். கொக்கியும் கூடவே இறங்கி, பல்லைப் பிடித்து ஆட்டும். அப்பாவுக்கு வேர் தெரிவதும் பல் ஆடுவதும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரையும் ஈறு நோயும் இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். எது எவ்வளவு என்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லேப்பில் நாங்கள் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். கிளினிக்கிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஒரு அச்சு வரும். கூடவே ஒரு சீட்டு. அதில் "கீழ் பிளேட், ஏ3, வெள்ளிக்கிழமை" என்று எழுதியிருக்கும். ஏ3 என்பது பல்லின் நிறம். அவ்வளவுதான் உத்தரவு. எந்தப் பல்லில் கொக்கி, எதில் ரெஸ்ட், பிளேட்டின் விளிம்பு எங்கே நிற்க வேண்டும், ஒன்றும் இருக்காது. அந்த நோயாளிக்கு எந்தப் பல் ஆடுகிறது, எதில் ரூட் கேனல் செய்திருக்கிறது, அவருக்குச் சர்க்கரை உண்டா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கையில் இருப்பது அந்த அச்சில் ஊற்றி எடுத்த வெறும் ஜிப்சம் வார்ப்பு. ஆடும் பல்லும் அதில் உறுதியாகத்தான் நிற்கும்.

அந்த அச்சே சில நேரம் சரியாக இருக்காது. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பொருளில் எடுத்த அச்சு ஈரம் காய்ந்தால் சுருங்கிவிடும். எடுத்த கையோடு அதில் ஜிப்சம் ஊற்ற வேண்டும். பினாங்குப் பாலம் தாண்டி, மதியம் முழுக்க மோட்டார் சைக்கிள் பெட்டியில் சுற்றி வந்த அச்சில் நான் என்ன கவனமாகச் செய்தாலும் பிளேட் பொருந்தாது. பொருந்தாத பிளேட்டை அந்த நாற்காலியிலேயே சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுவார்கள். அது பிளேட்டின் குற்றமும் இல்லை, பொருளின் குற்றமும் இல்லை.

செந்தூல் வாசி | கோலாலம்பூர்

அண்ணே, அப்படியென்றால் வளையும் பிளேட் தப்பா? அம்மாவுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையே.

பல் பட்டறை | பட்டர்வொர்த்

தப்பு இல்லை. அம்மாவுக்கு இரண்டு பல், இரண்டு பக்கமும் சொந்தப் பல் காவலாக நிற்கிறது, மேலே அண்ணம் தாங்குகிறது. அந்த இடத்துக்கு அது ஒத்துப்போகும். அக்ரிலிக்கோ உலோகமோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உதவும். ஆனால் அது நைலான் வகை. வளைவதுதான் அதன் சிறப்பு, கவி அப்பாவுக்கு அதுவேதான் ஆபத்து. பின்னால் பல்லே இல்லாத கீழ்த்தாடையில், மெல்லும்போது பிளேட் வளைந்து வளைந்து ஈற்றிலேயே பாரத்தை இறக்கும். பெரும்பாலும் அதில் ரெஸ்ட் வைப்பதும் இல்லை. நாள் போனால் அடியில் இடைவெளி விழும். அதைப் புதுப் பொருள் ஊற்றி நிரப்புவது கஷ்டம், உடைந்தால் ஒட்டுவதும் கஷ்டம். பளபளப்பு போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவதும் சுலபமில்லை.

கெப்போங் பல் டாக்டர் | கோலாலம்பூர்

இந்த இழையை மனைவி காட்டினார். பட்டறைக்காரர் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. டாக்டர்கள் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கழற்றி மாட்டும் பல் செட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். நடைமுறையில் அந்த வேலை லேப்புக்குத் தள்ளப்படுவது நம் நாட்டின் வியாதி மட்டுமில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் இதே கதைதான் வந்தது, அதுவும் பல வருட இடைவெளியில் திரும்பத் திரும்ப. காரணம் நேரம். பிளாஸ்டிக் பிளேட்டுக்கு ஒரு அச்சு, ஒரு கடி (மேல் கீழ்ப் பல் சேரும் அளவு), ஒரு மாட்டல் என்று முடித்துவிடலாம். மெட்டல் செட் ஒழுங்காகச் செய்ய நோயாளி பல தடவை வர வேண்டும். ஆரம்ப அச்சு எடுத்து, அதிலிருந்து வார்த்த மாதிரியில் வடிவம் வரைந்து, பிறகு வாயில் சில பற்களைக் கொஞ்சம் செதுக்க வேண்டும். ரெஸ்ட் உட்காரச் சின்னக் குழி, செட் ஒரே திசையில் ஏறி இறங்கப் பக்கவாட்டில் சமதளம். அதற்குப் பிறகுதான் கடைசி அச்சு. அடுத்து உலோகச் சட்டத்தை மாட்டிப் பார்ப்பது, மெழுகில் கடி எடுப்பது, மெழுகிலேயே பல்லை அடுக்கிப் பார்ப்பது, பிறகுதான் முடிந்த செட். இதில் பல் செதுக்கும் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குழி இல்லாத பல்லில் ரெஸ்ட் வைத்தால் அது மேலே துருத்திக்கொண்டு கடியைத் தடுக்கும். உடனே அதைத் தேய்த்துக் கரைப்பார்கள். பிறகு அதனால் பயன் இல்லை.

கவி அப்பாவின் நிலை உண்மையிலேயே சிரமமானது. 1925-இல் கென்னடி என்பவர் பல் இழப்பை நான்கு வகையாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் பின்பல் இல்லாமல் போவதுதான் அதில் முதல் வகை. இதில் செட்டின் முன்பகுதி பல்லின் மேல் நிற்கிறது, பின்பகுதி ஈற்றின் மேல் நிற்கிறது. மெல்லும் அழுத்தத்தில் பல் அசைவது சுமார் 0.2 மில்லிமீட்டர். ஈறு 2 மில்லிமீட்டர் வரை அமுங்கும். சிமெண்டுத் தரையில் பாதியும் மெத்தையில் பாதியுமாகப் பலகை போட்டு நடப்பது மாதிரி. ஆட்டம் முழுக்க நின்றுபோகாது. ஆனால் குறைக்க முடியும். ரெஸ்ட்டைச் சரியான பக்கத்தில் வைக்கலாம், பின்பகுதியை எலும்பு தாங்கும் இடம் வரை அகலமாக நீட்டலாம், பல்லின் எண்ணிக்கையைக் குறைத்துச் சின்ன பல்லாக அடுக்கலாம், ஈற்றின் அச்சைத் தனியாக எடுக்கலாம்.

உள்பக்கம் ஈற்றை உரசும் பிரச்சினைக்கும் வழி உண்டு. உலோகச் செட்டில் முன்பற்களுக்கு உள்ளே பட்டையான பிளேட் தேவையில்லை, ஒரு மெல்லிய கம்பிப் பாலம் போதும். அது ஈறின் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது தள்ளி ஓட வேண்டும். அதற்கு உள்பக்கம் மொத்தம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். அப்பாவுக்கு ஈறு இறங்கியிருப்பதால் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வடிவம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஈறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், ஈறு நோய்க்கு வைத்தியம் பார்க்காமல், ஆடும் பல்லில் புதுச் செட்டை மாட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈறு நோய் சர்க்கரையைக் கெடுக்கும், சர்க்கரை ஈற்றைக் கெடுக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக வந்தது. என் நாற்காலியில் உட்காரும் நம் ஆட்களைப் பார்த்தால் அந்த எண் எனக்கு ஆச்சரியமே தருவதில்லை.

தோட்டத்து மகன் | பட்டர்வொர்த்

டாக்டர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் மெட்டல் செட் எல்லாராலும் முடியுமா? என் மாமா அரசுப் பல் கிளினிக்கில்தான் பார்க்கிறார். காசு கொஞ்சம்தான். ஆனால் பல் செட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கிடைக்கப்போவதும் பிளாஸ்டிக்தான். காசுள்ளவனுக்கு நல்ல ஈறு, இல்லாதவனுக்குப் பிளாஸ்டிக் என்றால் இந்தப் பேச்சால் எங்களுக்கு என்ன லாபம்?

கெப்போங் பல் டாக்டர் | கோலாலம்பூர்

நியாயமான கேள்வி. நானும் அரசு கிளினிக்கில் வேலை பார்த்தவன்தான். அங்கே இருப்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. காலையில் வரிசை கதவு வரை நிற்கும், அதில் வலியோடு வந்தவரை முதலில் பார்க்க வேண்டும். பல் செட்டுக்கு வந்தவர் பின்னால் போய்விடுகிறார்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அக்ரிலிக் பிளேட்டிலும் ரெஸ்ட் வைக்கலாம், கம்பியை வளைத்தே செய்யலாம். விளிம்பை ஈற்றிலிருந்து விலக்கி வரையலாம். மேல்தாடையில் அண்ணமே பாரம் தாங்குவதால் ஒழுங்காக வடிவமைத்த அக்ரிலிக் பல வருடம் நன்றாக ஓடும். பல் பிடுங்கிய கொஞ்ச நாளில் போடுவதற்கும் அக்ரிலிக்தான் சரி. பிடுங்கிய முதல் மாதங்களில் எலும்பு வேகமாகச் சுருங்கும், அப்போது எதைப் போட்டாலும் அடியில் இடைவெளி விழும். அக்ரிலிக் என்றால் அடியில் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாம். அதே மாதிரி, 2,000 வெள்ளி கொடுத்துப் போட்ட மெட்டல் செட்டும் வரையாமல் செய்தால் பல்லைத்தான் பிடுங்கும்.

மாமாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். அவர் முறை வந்ததும் டாக்டரிடம், "இது பல்லின் மேல் எங்கே உட்காரும் டாக்டர்?" என்று கேட்கட்டும். அரசு கிளினிக்கிலும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்ட நோயாளிக்கு டாக்டரும் ஒரு நிமிடம் அதிகம் யோசிப்பார். கோலாலம்பூரில் இருப்பவர்கள் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவையும் விசாரிக்கலாம். 1972-இல் தொடங்கியது. மாணவர் செய்தால் நேரம் இழுக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்துத்தான் அடுத்ததுக்கு விடுவார்.

வார்டு தாதி | பினாங்கு

கவி, மற்றதெல்லாம் இருக்கட்டும். டிஷ்யூவில் சுருட்டிச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கத்தை அப்பா இன்றைக்கே விட வேண்டும். வார்டில் சாப்பாட்டுத் தட்டில் டிஷ்யூவோடு கிடக்கும் பல் செட் தட்டோடு குப்பைக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. பிறகு அந்தக் கிழவரோ கிழவியோ அழுவதைப் பார்க்க முடியாது. மூடி போட்ட ஒரு சின்ன டப்பா வாங்கிக் கொடுங்கள். வார்டில் சேர்க்க நேர்ந்தால் டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. கொக்கி தளர்ந்த சின்ன பிளேட், அதுவும் ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ளது, தொண்டைக்குள் போய்விடும். பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் விழுங்கிவிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, கம்பி இருந்தால் கம்பிதான் தெரியும். வீட்டில் பெரியவருக்குத் திடீரென்று விழுங்க முடியவில்லை, எச்சில் ஒழுகுகிறது என்றால், பல் செட் எங்கே என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அதை மருத்துவமனையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தளர்ந்த பிளேட்டைப் பசை போட்டு ஒட்டி ஓட்டாதீர்கள்.

இரவில் கழற்ற வேண்டும். ராத்திரியும் மாட்டிக்கொண்டே தூங்கினால் அடியில் காளான் வகைக் கிருமி வளர்ந்து அண்ணம் செவந்துபோகும். சர்க்கரைக்காரர்களுக்கு அது சீக்கிரம் வரும்.

தமிழாசிரியர் (ஓய்வு) | ஆயர் ஈத்தாம்

மகளே, நான் கீழ்த்தாடையில் மெட்டல் செட் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருப்பது போலத்தான், பின்பற்கள் இரண்டு பக்கமும் இல்லை. போட்டுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, சொந்தப் பல் திரும்பக் கிடைக்காது. நல்ல செட் போட்டாலும் பழைய பலத்தில் கடிக்க முடியாது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் பலர் கோபித்துக்கொண்டு டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு நல்ல மருத்துவர் வாய்த்தார், அவர் ஆரம்பத்திலேயே சொன்னார். ஆரம்ப வாரங்களில் "ச", "ழ" இரண்டும் எனக்கு வழுக்கின. பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது போல வீட்டில் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன், சரியாகிவிட்டது. இட்லி, மீன், வெந்த காய் என்று தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கும். இப்போது ஆட்டுக்கறியைச் சின்னதாக வெட்டிச் சாப்பிடுகிறேன். உளுந்து வடை தாராளமாக முடிகிறது. கரும்பு, சீடை பக்கம் போவதில்லை.

உலோகம் மெல்லியது. நாக்குக்கு அது தெரியவே இல்லை. முன்பு போட்டிருந்த பிளாஸ்டிக் தடிப்பாக இருந்து நாக்கை நெருக்கும்.

சுத்தம் செய்வது பற்றி. சாப்பிட்ட பிறகு கழற்றிக் கழுவுவேன். மிருதுவான பிரஷ், சாதாரண சோப்பு. பற்பசை போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கோடு விழுந்து அழுக்குப் பிடிக்கும். கொதிநீர் ஊற்றவே கூடாது, வளைந்துபோகும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீர் உலோகத்தை அரித்துவிடும். கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அதன் மேல் பிடித்துக் கழுவ வேண்டும், கை நழுவினாலும் உடையாது. இவ்வளவும் செய்துவிட்டு வாயில் இருக்கும் சொந்தப் பல்லைத் தேய்க்காமல் விட்டால் பயன் இல்லை. கொக்கி பிடிக்கும் பல்லின் அடியில்தான் சொத்தை முதலில் வரும்.

வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். கறை மட்டும் அதன் பிரச்சினை இல்லை. பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள். பிளேட் உரசி ஆறாத புண் இரண்டு வாரத்தைத் தாண்டி நின்றால், வெற்றிலை போடாதவரும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிரை குமரன் | பினாங்கு

பட்டறை அண்ணே, சித்தப்பாவை இன்று பிரையில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பிளேட்டின் அடியில் ஈறு செவந்திருக்கிறது, வெள்ளையாகவும் படிந்திருக்கிறது. சில நாள் போடாமல் இருக்கச் சொல்லி மருந்து கொடுத்தார்கள். முன்பு போட்ட பதிவில் நம்பர் தருகிறேன் என்று எழுதியதை நிர்வாகிகள் நீக்கிவிடலாம்.

ஜெலுத்தோங் கவி | பினாங்கு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவை வேறு டாக்டரிடம் காட்டினேன். பெண் டாக்டர். நாங்கள் கேட்கும் முன்பே அச்சு எடுத்து, மாதிரியின் மேல் பென்சிலால் வரைந்து காட்டினார்: இது கொக்கி, இது ரெஸ்ட், இது பாலம். அப்பாவுக்கு முதல் தடவையாக விஷயம் புரிந்தது. பழைய பிளேட்டை அந்த மாதிரியில் வைத்துக் காட்டினார். விரலால் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. அப்பா தானே வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் கொக்கி பிடித்த பற்களில் ஒன்றுக்கு எலும்பு பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொன்றைக் காப்பாற்றலாம் என்கிறார். முதலில் ஈறு சுத்தம், சர்க்கரை ரிப்போர்ட், அதற்குப் பிறகுதான் செட். அதுவரை பழையதைச் சாப்பாட்டுக்குப் போட வேண்டாம் என்றார்.

இரண்டு சந்தேகம். டாக்டர் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைப்பது) பற்றியும் சொன்னார், விலை கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். அதை விட்டுவிட்டோம் என்று வருத்தப்பட வேண்டுமா? இன்னொன்று, என் சித்தி, "பின்பல் இல்லாமலே எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், செட்டே வேண்டாம்" என்கிறார். அப்படியும் விடலாமா?

கெப்போங் பல் டாக்டர் | கோலாலம்பூர்

சித்தி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அப்பாவுக்குப் பொருந்தாது. காய்சர் என்ற டச்சு ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்திலேயே, பின்கடைவாய்ப் பல் எல்லாமே இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். முன்பற்களும் சிறுகடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் ஒழுங்காகக் கடித்துக்கொண்டால் பலருக்கு அது போதும். உலகச் சுகாதார நிறுவனமும் 20 பல் என்ற அளவைச் சொல்லியிருக்கிறது. ஜப்பானில் 80 வயதில் 20 பல் என்று 1989-இலிருந்தே இயக்கம் நடக்கிறது. கடைசி ஒன்றிரண்டு கடைவாய்ப் பல் மட்டும் இல்லாதவர்களுக்கு நானே பல தடவை "செட் வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறேன். தேவையில்லாத செட் அழுக்கைச் சேர்த்து இருக்கிற பல்லைக் கெடுக்கும். ஆனால் அப்பாவுக்குக் கீழே எட்டில் ஒன்றும் போகப்போகிறது. மீதி ஏழு பல்லில் முழு வாயின் வேலையையும் ஏற்றினால் முன்பற்கள் தேய்ந்து, விரிந்துபோகும். அவருக்குச் செட் வேண்டும்.

இம்ப்ளாண்ட் பற்றி வருத்தப்பட வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் வராமல் அதை ஆரம்பிப்பதே சரியில்லை. நல்ல செட் போட்டு, ஈறு ஆரோக்கியமானால், பிறகு எப்போதாவது யோசிக்கலாம். கதவு மூடிவிடவில்லை.

அந்தப் பல்லை எடுத்த உடனே உலோகச் செட்டுக்கு அவசரப்படுத்தாதீர்கள். எலும்பு அடங்க மூன்று மாதம் வாக்கில் ஆகட்டும். நடுவில் அக்ரிலிக்கில் தற்காலிகமாக ஒன்று போடலாம். அதிலும் ரெஸ்ட் இருக்கட்டும்.

பல் பட்டறை | பட்டர்வொர்த்

மாதிரியின் மேல் பென்சில் கோடு பார்த்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தோஷம் தங்கச்சி. அந்த மாதிரி லேப்புக்கு வரும்போது எங்கள் ஆட்களும் வேறு கவனத்தில் வேலை செய்வார்கள்.

உலோகச் சட்டத்தை மட்டும் முதலில் வாயில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும். பல்லும் ஈறு நிறமும் அப்போது இருக்காது. அந்த நாளைத் தவிர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். ரெஸ்ட் ஒவ்வொன்றும் அதன் குழியில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று டாக்டர் அன்றைக்குத்தான் பார்ப்பார். கோணலாக இருந்தால் அப்போதே எங்களிடம் திருப்பி அனுப்பலாம். பல் அடுக்கி முடித்த பிறகு தெரிந்தால், செலவைப் பார்த்து எல்லாரும் சமாளிக்கத்தான் நினைப்பார்கள்.

செட் கைக்கு வந்த பிறகு எங்காவது குத்தினால் வீட்டில் அரம் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். ஓய்வு பெற்ற துறைமுகத்துக்காரர் என்கிறீர்கள், கையில் கருவி இருக்கும், அதனால் சொல்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தின நாள் வலித்தாலும் செட்டைப் போட்டிருக்கட்டும். எந்த இடம் செவந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள். பின்பகுதியில் ஈறு இறங்கியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் அடியில் அக்ரிலிக் நிரப்பித் தருவோம், முழுச் செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் யாரும் தாமாகச் சொல்வதில்லை.